கதிரேசன், ஆண்டு நான்கு

ஆசிரியர் கூட்டத்தில் தப்பிப் பிழைக்க ஒரே வழி, தலையைக் குனிந்துகொள்வதுதான். தலைமையாசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு "ஒரு புதிய பொறுப்பு வந்திருக்கு" என்று தொடங்கினால், அனுபவசாலிகள் உடனே எதையோ மும்முரமாக எழுத ஆரம்பித்துவிடுவார்கள். (என்னதான் எழுதுகிறார்கள் என்று ஒருமுறை எட்டிப் பார்த்தேன். பக்கத்து டீச்சர் தன் கையெழுத்தையே வளைத்து வளைத்துப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார்.) அன்றைக்கு நானும் ஒழுங்காகக் குனிந்துதான் இருந்தேன். பாழாய்ப்போன தும்மல் வந்துவிட்டது. தும்மிவிட்டு நிமிர்ந்தால், தலைமையாசிரியர் நேராக என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஓம், பிரேமா டீச்சர் முன்வந்திட்டா. எல்லாரும் கைதட்டுங்கோ."

தலைமையாசிரியர் நாகலிங்கம் சாரின் குடும்பம் அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்கு மலாயா வந்து ஈப்போவில் தங்கிவிட்ட குடும்பம். கோபப்பட்டால்கூட இலக்கணம் தவறாமல் கோபப்படுவார். அப்படிப்பட்ட மனிதரிடம், 'சார், அது சம்மதம் இல்லை, சளி' என்று எப்படிச் சொல்வது? நானும் சேர்ந்து கைதட்டிவிட்டேன்.

பொறுப்பின் பெயர் 'இயங்கலைக் கற்றல் மேலாண்மைத் தளம்'. அதாவது பாடம், புதிர்க் கேள்வி, கட்டுரை, திருத்தம், புள்ளி எல்லாம் இணையத்தில் ஒரே இடத்தில் இருக்கும். பிள்ளைகள் அவரவர் பெயரில் உள்ளே போய்ப் படிக்கலாம். ஆசிரியர் வெளியிலிருந்து கவனிக்கலாம். முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும் என்பதால் எல்லோரும் 'தளம்' என்றே சொன்னோம். பெற்றோர்களில் பாதிப் பேர் அதைத் 'தலம்' என்று சொன்னார்கள். "டீச்சர், நேத்து தலத்துக்குப் போவ முடியல, ஒரே நெரிசல்" என்று ஓர் அம்மா சொன்னபோது, எந்தக் கோயிலில் என்ன விசேஷம் என்று நான் கொஞ்ச நேரம் குழம்பினேன்.

எங்கள் பள்ளி ஈப்போவை ஒட்டிய லகாட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கித்தா என்னும் ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் இப்போது தாமான் குடியிருப்பு வீடுகள் வரிசையாக நிற்கின்றன. பள்ளிக்கு மட்டும் தோட்டத்தின் பெயரே நிலைத்துவிட்டது. இணையமும் தோட்டத்து வழக்கத்தை விடவில்லை. மழை வந்தால் அன்றைக்கு வேலை இல்லை.

ஈப்போவில் ஒரு ஹோட்டலில் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி கொடுத்த இளைஞர் மூச்சு விடாமல் பேசினார். "எந்தப் பட்டனையும் பயப்படாம அழுத்துங்க டீச்சர், ஒன்னும் கெட்டுப் போவாது" என்றார். (கெட்டுப் போகிற பொருள்களின் வரிசையில் அவர் என் மானத்தைச் சேர்த்திருக்கவில்லை.) அந்தப் பயிற்சியில் எனக்கு நினைவில் நின்றவை இரண்டு. ஒன்று, தேநீரோடு தந்த கறிப்பாப். மற்றொன்று, "பிள்ளைங்கள சேக்கறதுக்கு முன்னாடி ஒரு பொய் மாணவன உருவாக்கிப் பாருங்க. மாணவன் கண்ணுல தளம் எப்பிடி தெரியுதுன்னு புரியும்" என்று அவர் சொன்ன யோசனை.

அன்று மாலை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு பொய் மாணவனுக்குப் பெயர் தேடினேன். எதிரே என் கணவர் நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் தேடுவானேன்.

"உங்க ஐ.சி. நம்பர் சொல்லுங்க."

"எதுக்கு? எம் பேருல லோன் போடப் போறியா?"

"இல்ல லா. உங்கள நாலாம் ஆண்டுல சேக்கப் போறேன்."

"போன தடவ படிச்சப்பவே சரியா வரல" என்றார், நண்டை விடாமலே. ஆனால் எண்ணைச் சொன்னார்.

என் கணவர் கதிரேசனுக்குக் கெனோப்பித் தொழில். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கோயில் திருவிழா எதுவானாலும் பந்தல் கூடாரம், நாற்காலி, ஒலிபெருக்கி எல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவார். பெரிய உடம்பு, பெரிய மீசை. ஒலிபெருக்கியே தேவையில்லாத குரல். அப்படிப்பட்டவர், 'செல்வன் கதிரேசன் முத்தையா, ஆண்டு நான்கு' ஆனார். தளம் அடையாள அட்டை எண்ணிலிருந்து தானே வயதைக் கணக்குப் போட்டு, பெயருக்குப் பக்கத்தில் 'நாற்பத்தெட்டு' என்று போட்டுக்கொண்டது. அதற்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

அடுத்து, உண்மையான பிள்ளைகளைச் சேர்த்தேன். அது ஒரு தனித் திருவிழா. கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொன்னதால், ஒரு பிள்ளை அதைத் தனக்கே சொல்லாமல் வைத்துவிட்டாள். படம் தேர்ந்தெடுக்கச் சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் புலி ஆனார்கள். மூன்று பிள்ளைகள் உள்ள ஒரு வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி. அதுவும் லாரி ஓட்டும் அப்பாவுடையது. அவர் பாகான் செராய்க்கு நெல் ஏற்றப் போய்விட்டால் வீட்டுப்பாடமும் அவரோடு பாகான் செராய் போய்விடும். "டீச்சர், அப்பா வந்தோன செய்றேன்" என்று அந்தப் பிள்ளைகள் சொல்லும்போது எனக்குக் கோபம் வராது. இந்தத் தளத்தைக் கட்டி அழச் சொன்னவர்கள்மேல்தான் வரும்.

இதற்கிடையில் பொய் மாணவனையும் வேலை வாங்கினேன். கட்டுரை எப்படி வந்து சேர்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. 'எனக்குப் பிடித்த விலங்கு' என்ற தலைப்பில் எதையாவது தட்டி அனுப்புங்கள் என்று கணவரிடம் சொன்னேன். அனுப்பினார்.

'எனக்குப் பிடித்த விளங்கு ஆடு. ஆடு சாதுவானது. பிரட்டினால் இன்னும் சாதுவாக இருக்கும்.'

திருத்தத்தையும் சோதிக்க வேண்டுமே. கருத்துரைக் கட்டத்தில் நான் எழுதினேன்: 'விலங்கு என்பதற்குச் சிறிய ல. வரும்போது தேங்காய் வாங்கி வரவும்.'

அன்று தேங்காய் வந்தது. அதுதான் வினை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் கைப்பேசியில் கூப்பிட்டு அவர் எடுத்ததாகச் சரித்திரம் இல்லை. உருமி மேளத்துக்கு நடுவில் இருந்தேன் என்பார், ஜெனரேட்டர் சத்தம் என்பார். ஆனால் தளத்திலிருந்து 'டிங்' என்று வந்தால் மட்டும், ஆசிரியர் கூப்பிடுகிறார் என்ற பழைய பயமோ என்னவோ, உடனே பார்த்துவிடுவார். ஆகவே கருத்துரைக் கட்டம் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் குடும்பத் தபால் நிலையம் ஆனது. அதை அந்த மாணவனும் ஆசிரியரும் மட்டும்தான் பார்க்க முடியும் என்று நான் நம்பியிருந்தேன்.

பிறகு அவர் புதிர்களைக் கண்டுபிடித்தார். கைப்பேசியில் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க, ஒரு நான்காம் ஆண்டு அறிவியல் புதிரைச் செய்யச் சொல்லியிருந்தேன். பாதிதான் சரி. 'மீண்டும் முயற்சி செய், செல்லமே' என்று தளம் ஒரு முயல் படத்தைக் காட்டியது. என் கணவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"என்னை ஒரு மொசலு செல்லமேங்குது."

கெனோப்பிக்காரருக்குப் போடும்போதும் பிரிக்கும்போதும்தான் வேலை. நடுவில் விருந்து முடியும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். முன்பெல்லாம் லாரியில் தூங்குவார். இப்போது புதிர் செய்ய ஆரம்பித்தார். மாப்பிள்ளை தாலி கட்டிக்கொண்டிருப்பார். இவர் பந்தலுக்குப் பின்னால் நாற்காலி அடுக்கின்மேல் உட்கார்ந்து, தாவரத்துக்கு எது வேர், எது தண்டு என்று தட்டிக்கொண்டிருப்பார். எங்கள் மகள் கவிதா அப்போது காம்பாரில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தாள். விடுமுறைக்கு வந்தவள் அப்பாவின் படத்தைப் புலியிலிருந்து டைனோசராக மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதிலிருந்து இன்னும் தீவிரமாகிவிட்டார்.

நான் இதையெல்லாம் ரசித்துக்கொண்டுதான் இருந்தேன், தர்ஷினியின் அம்மா கூப்பிடும்வரை.

தர்ஷினி என் வகுப்பின் முதல் மாணவி. கேள்வியை நான் வாசித்து முடிப்பதற்குள் கை தூக்குகிற பிள்ளை. தளத்தின் புள்ளிப் பலகையிலும் அவள்தான் உச்சியில் இருந்தாள்.

"டீச்சர், யாரு அந்தக் கதிரேசன்?"

"எந்தக் கதிரேசன்?"

"பலகையில ரெண்டாவதா இருக்கானே, டைனோசர் படம் போட்ட பையன். எம் பொண்ணு ராத்திரி சோறே சரியா திங்கல டீச்சர். அவன் முந்திருவான், முந்திருவான்னு பொலம்புது. புதுசா வந்த பையனா?"

என் திரையில் அந்தப் பெயர் மங்கலாகத் தெரிந்ததால், மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது என்று நினைத்திருந்தேன். மங்கலாகத் தெரிந்ததற்குக் காரணம் என் மடிக்கணினியின் வயது.

"புதுசுதாங்க. அவ்வளவா ஸ்கூலுக்கு வரமாட்டான்."

"எந்த டியூஷனுக்குப் போறான்?"

"டியூஷன் எல்லாம் இல்லிங்க. வீட்டுலயே ஒரு டீச்சர் இருக்காங்க." (இதில் எந்த வார்த்தை பொய் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.)

"அதான பாத்தேன்" என்று பெருமூச்சு விட்டுவிட்டு அவர் வைத்தார். மறுநாள் வகுப்பிலும் அதே பேச்சு. கதிரேசன் பெரிய பங்களாவில் இருக்கிறான், அவனுக்கு ஒரு ரோபோ பாடம் சொல்லிக் கொடுக்கிறது என்றான் ஒருவன். "நான் பாத்திருக்கேன் டீச்சர், ஒல்லியா, கண்ணாடி போட்டிருப்பான்" என்றாள் ஒருத்தி. வீட்டில் இருக்கும் மலையை நினைத்துக்கொண்டு நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று மாலையே கணவரிடம் சொன்னேன். "போதுங்க. நிறுத்திருங்க."

"இன்னும் கொஞ்சம் லா. அந்தத் தர்ஷினிய முந்திட்டா விட்டுர்றேன்."

"அவளுக்குப் பத்து வயசுங்க."

"அதுக்காக அவ எனக்கு விட்டுக் குடுத்தாளா?"

அப்போதே நான் அவர் பெயரை எடுத்திருக்க வேண்டும். எடுக்காததற்குக் காரணம் இருந்தது. அந்த வாரக் கூட்டத்தில் தலைமையாசிரியர், "பிரேமா டீச்சரின்ர வகுப்புச் சராசரி எப்பிடி ஏறியிருக்கு, பாத்தீங்களோ" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். கையெழுத்து பழகும் டீச்சர்கூட எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சராசரி ஏன் ஏறியது என்று ஆராய்வது அந்த நேரத்தில் பண்பாகத் தோன்றவில்லை. பள்ளி விடுமுறையில் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்று விட்டுவிட்டேன்.

விடுமுறை வருவதற்குள் புவான் சரஸ்வதி வந்துவிட்டார்.

புவான் சரஸ்வதி, அதாவது திருமதி சரஸ்வதி, தமிழ்ப்பள்ளிகளைப் பார்வையிடும் கல்வி அதிகாரி. சிரிப்பைப் பரீட்சைத் தாள் போலப் பூட்டி வைத்திருப்பவர். தளத்தை நன்றாகப் பயன்படுத்தும் பள்ளிக்கு ஓர் அறை நிறையத் தட்டைக் கணினிகள் கொடுப்பதாக இருந்தார்கள். எங்கள் பள்ளிக்குக் கொடுக்கலாமா என்று பார்க்க அவர் வருகிறார். லாரிக்காரர் வீட்டு மூன்று பிள்ளைகளும் அப்பாவுக்காகக் காத்திருக்காமல் படிக்கலாம். அதை நினைத்து நானே சுவரொட்டி எல்லாம் எழுதினேன். பெற்றோரையும் கூப்பிட்டு, தளத்தில் முதலிடம் பிடித்த மாணவருக்கு மேடையில் பரிசு கொடுப்பது என்றும் முடிவானது.

"பரிசு வாங்கிற பிள்ளையின் பெயர நான் எடுத்துத் தரட்டுமா சார்?" என்று கேட்டேன்.

"வேண்டாம் டீச்சர். நானே தளத்தில் பார்த்து எழுதிட்டன்."

"யாரு சார்?"

"மேடையில் தெரியட்டும்" என்று புன்னகைத்தார். அவர் புன்னகைப்பது அபூர்வம். தனியாகப் போய்ப் பலகையைப் பார்த்தேன். உச்சியில் டைனோசர்.

வீட்டுக்கு வந்து, "அன்னைக்கு மட்டும் ஸ்கூல் பக்கம் வந்துறாதீங்க" என்றேன்.

"எப்பிடி வராம இருக்கறது? கெனோப்பி, சவுண்ட் சிஸ்டம் எல்லாம் நம்பளதுதான். உங்க பெரியவரே கூப்ட்டு புக் பண்ணாரு."

விழாவன்று காலையில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனேன். "சார், ஒரு விசயம்" என்றேன். அவர் பூமாலையில் எந்தப் பூ உதிர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். "பிறகு, டீச்சர், பிறகு" என்றார். (எனக்குள் இருந்த கோழைக்கு அந்த 'பிறகு' தேன் மாதிரி இருந்தது.) சரி, பெயரைக் கூப்பிடட்டும். யாரும் எழுந்து வராவிட்டால், 'கதிரேசன் இன்று வரவில்லை சார், காய்ச்சல்' என்று சொல்லிவிடலாம். அந்த ஒரு வரியை உதட்டுக்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

விழா நன்றாகத்தான் போனது. பிள்ளைகள் ஆடினார்கள். புவான் சரஸ்வதி பெரிய திரையில் தளத்தைக் காட்டிப் பேசினார். பின்னால் ஒலிப்பெட்டிக்குப் பக்கத்தில் என் கணவர் கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். ஒலி கேட்கிறாரா, உறங்குகிறாரா என்பது எங்கள் வீட்டிலேயே யாருக்கும் தெரியாத ரகசியம். பிறகு தலைமையாசிரியர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"நான்காம் ஆண்டின் நம்பிக்கை நட்சத்திரம், அடக்கமே உருவானவர், செல்வன் கதிரேசன் முத்தையா அவர்களை மேடைக்கு அன்புடன் அழைக்கிறேன்."

பிள்ளைகள் எல்லாம் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். தர்ஷினி நாற்காலியின்மேலேயே ஏறி நின்றுவிட்டாள். நான் காய்ச்சல் என்று சொல்ல எழுந்தேன். அதற்குள் பின்னாலிருந்து என் கணவர் சட்டையைக் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டு, மீசையைத் தடவிக்கொண்டு, அடக்கமே உருவானவராக மேடையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

ஏன் போனார் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். எல்லா விழாவிலும் கடைசியில் கெனோப்பிக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு பொன்னாடை போர்த்துவார்களாம். அரைத் தூக்கத்தில் அவர் காதில் விழுந்தது பெயர் மட்டும்தானாம். 'நம்பிக்கை நட்சத்திரம்' விழவில்லையா என்று கேட்டால், "வேல சுத்தமா இருந்தா அப்பிடித்தான் சொல்லுவாங்க" என்கிறார்.

மேடையில் தலைமையாசிரியர் குழம்பிப்போனார். "கதிரேசன், மைக்கில ஏதும் பிரச்சினையோ?"

"இல்ல சார். கூப்ட்டீங்கள்ல."

"ஓ, உங்கட மகனோ?"

"நமக்குப் பொண்ணு மட்டும்தான் சார். காம்பார்ல படிக்குது."

புவான் சரஸ்வதி கையில் பரிசு இருந்தது. டைனோசர் படம் போட்ட ஒரு பள்ளிப் பை, அதற்குப் பொருத்தமாக ஒரு தண்ணீர்ப் போத்தல். அவர் கேட்டார், "அப்ப இந்தக் கதிரேசன் முத்தையா யாரு?"

"நான்தான் மேடம்."

"நாலாம் ஆண்டு?"

என் கணவருக்கு அப்போதுதான் தூக்கம் முழுதாகக் கலைந்தது. பையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக என்னைப் பார்த்தார். அவர் பார்த்த திசையில் கூட்டம் முழுவதும் திரும்பியது. "பிரேமா" என்று அவர் கிசுகிசுத்தது கடைசி வரிசை வரை கேட்டது. அவருடைய ஒலிபெருக்கி அவ்வளவு சுத்தம்.

நான் மேடை ஏறினேன். பொய் மாணவன், பயிற்சியில் சொன்ன யோசனை, நண்டு, ஐ.சி. எண், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். புவான் சரஸ்வதி மடிக்கணினியை இழுத்து, கதிரேசனின் பக்கத்தைத் திறந்தார். பெரிய திரையில் டைனோசர் எழுந்தது. பெயருக்குப் பக்கத்தில் நாற்பத்தெட்டு. "வயச யாருமே பாக்கலயா?" என்று கேட்டார். தலைமையாசிரியர் தன் கால் சப்பாத்தைப் பார்த்தார்.

அதோடு விட்டிருக்கலாம். கருத்துரைக் கட்டத்தையும் அழுத்தினார். அதிகாரிகளால் எல்லாக் கட்டங்களையும் பார்க்க முடியும் என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அந்த நேரத்தில் நான் கறிப்பாப் எடுக்கப் போயிருக்க வேண்டும். புவான் சரஸ்வதி வகுப்பில் பாடம் வாசிப்பதைப் போல நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"'விலங்கு என்பதற்குச் சிறிய ல. வரும்போது தேங்காய் வாங்கி வரவும்.' 'நல்ல முயற்சி. கேஸ் தீர்ந்துவிட்டது.' 'விடை சரி. உங்கள் அக்காவிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.' 'நேற்றுக் குறட்டை மிக அதிகம். இன்று ஹாலில் படுக்கவும்.'"

பெற்றோர் பக்கத்தில் யாரோ ஒருவர் இருமலைப் போலச் சிரித்தார். பிறகு அணை உடைந்தது. லாரிக்காரர் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். (குறட்டையைப் பற்றி அவர் வீட்டிலும் பேச்சு இருந்திருக்கும் போல.) நான் தரையைப் பார்த்தேன். அது பிளக்கவில்லை. புதிதாகப் போட்ட சிமெந்து.

புவான் சரஸ்வதியின் முகம் மட்டும் அசையவில்லை. "தேங்காய் வந்துச்சா டீச்சர்?" என்றார்.

"வந்துச்சு மேடம்."

"சரி."

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. தர்ஷினி.

"மேடம், அங்கிள் ஏமாத்திட்டாரு. அங்க பாருங்க, ஒரே புதிர திரும்பத் திரும்பச் செஞ்சிருக்காரு."

எல்லோரும் திரையைப் பார்த்தோம். ஆமாம். 'உள்நாட்டுப் பழங்கள்' என்ற, முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான புதிர். அது மட்டும் திரை முழுவதும் வரிசை கட்டி நின்றது. ஒவ்வொரு தடவை செய்யும்போதும் தளம் புள்ளியைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. அறிவியல், கணிதம் எல்லாம் மேலே எங்கேயோ ஒன்றிரண்டு. என் கணவர் படித்து முன்னுக்கு வருகிறார் என்று நான் உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த காலமெல்லாம், அந்த மனிதர் 'முள் உள்ள பழம் எது' என்ற கேள்விக்கு 'டுரியான்' என்று சொல்லிச் சொல்லியே மலை ஏறியிருக்கிறார்.

"அந்தக் கேள்வி நல்லா இருந்துச்சு மேடம்" என்றார் அவர்.

"இன்னும் யாருக்கு இந்த வழி தெரியும்?" என்று புவான் சரஸ்வதி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். தயங்கித் தயங்கிப் பல கைகள் உயர்ந்தன. தர்ஷினியின் கை மட்டும் உயரவில்லை. அவள் அம்மாவின் கை உயர்ந்து, பாதியில் கூந்தலைச் சரிசெய்யப் போய்விட்டது.

பரிசு தர்ஷினிக்கே போனது. அதற்கு முன்னால் ஒரு சின்னத் தாமதம். என் கணவர் பேச்சுவாக்கில் பையை வாங்கி மாட்டிப் பார்த்திருந்தார். அந்தச் சின்ன வார் அவர் தோளில் சிக்கிக்கொண்டது. தலைமையாசிரியரும் நானும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துத்தான் கழற்றினோம். பள்ளியின் முகநூலில் இன்றைக்கும் இருக்கும் விழாப் படம் அந்த நொடியில் எடுத்ததுதான்.

விழா முடிந்ததும் தலைமையாசிரியர் என்னை அறைக்கு அழைத்தார். இடமாற்றம்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் எழுந்து சன்னலைச் சாத்தினார்.

"டீச்சர், உங்கட மனிசன் இலக்கணப் புதிர் ஏதும் செய்தவரோ?"

"அதத் தொடவே இல்ல சார்."

"அதான் பார்த்தன்" என்றார்.

தட்டைக் கணினிகள் கைநழுவிப் போய்விட்டன என்றுதான் நாங்கள் முடிவுகட்டியிருந்தோம். நான் இரண்டு நாள் வீட்டில் சமைக்கவில்லை. (தண்டனை அவருக்கு என்று சொன்னாலும் பட்டினி இருவருக்கும்தான்.) அடுத்த வாரம் புவான் சரஸ்வதியே கூப்பிட்டார். மற்றப் பள்ளிகளில் தளத்தைப் பெயருக்குத் தொடங்கியதோடு சரி, யாரும் உள்ளே போவதே இல்லையாம். உள்ளே நுழைந்து ஏமாற்றும் அளவுக்காவது பயன்படுத்தியது எங்கள் பள்ளிதானாம். கணினிகள் வரும். ஒரே புதிருக்கு ஒருமுறைதான் புள்ளி என்று நான் தளத்தில் மாற்றிவிட வேண்டும்.

"அப்பறம் டீச்சர், திறப்பு விழாவுக்கு அந்த மாணவன் கெனோப்பிய சும்மா போட்டுத் தரணும்."

சும்மாதான் போட்டார். லாரிக்காரரின் மூன்று பிள்ளைகளும் ஆளுக்கொரு கணினியை எடுத்துக்கொண்டு தனித்தனி மூலையில் போய் உட்கார்ந்ததைப் பார்த்தபோது, பட்ட அவமானத்தில் கொஞ்சம் தள்ளுபடி கிடைத்த மாதிரி இருந்தது. மீதி அப்படியே இருக்கிறது.

ஏனென்றால் கதிரேசனை நீக்க முடியவில்லை. அந்த விடுமுறையில் நான் 'நீக்கு' என்ற பட்டனை அழுத்தினேன். 'ஊக்கமுள்ள மாணவர்களை நீக்க இயலாது' என்றது தளம். உதவி மையத்துக்கு எழுதினேன். பெற்றோரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்று பதில் வந்தது. என் மாமனாரும் மாமியாரும் காலமாகி வெகுகாலம் ஆகிறது. அப்படியே விட்டுவிட்டோம். சனவரி பிறந்ததும் தளம் என் கணவரை ஐந்தாம் ஆண்டுக்கு ஏற்றியது. அடுத்து ஆறாம் ஆண்டு. பிறகு ஃபார்ம் ஒன் என்று இடைநிலைப்பள்ளிக்கும் அதுவே அனுப்பிவிட்டது. ஒவ்வொரு முறையும் கவிதா காம்பாரிலிருந்து கேக் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். வீட்டில் அவர் உப்பு போதவில்லை என்றோ டிவி சத்தம் போதவில்லை என்றோ ஏதாவது ஆரம்பித்தால், "பரீட்ச வருதுப்பா, போய்ப் படிங்க" என்பாள்.

கவிதா படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டாள். போன மாதம் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். கௌரவமான குடும்பம், மாப்பிள்ளையின் பெரியப்பா நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். என் கணவர் வேட்டி கட்டிக்கொண்டு, இவ்வளவு நேரம் எப்படிப் பேசாமல் இருக்கிறார் என்று நானே வியக்கும்படி உட்கார்ந்திருந்தார். பெரியப்பா தேத்தண்ணீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, பெண்ணைப் பேச வைக்க வேண்டுமே என்று மெல்ல ஆரம்பித்தார்.

"அப்பா என்னம்மா செய்றாரு?"

"ஃபார்ம் டூ படிக்கிறாரு" என்றாள் கவிதா. வழக்கமாகச் சொல்லிச் சொல்லி அப்படியே வாயில் வந்துவிட்டது.

பெரியப்பா தேத்தண்ணீரைத் தட்டில் வைத்தார். என் கணவர் கூரையைப் பார்த்தார். மாப்பிள்ளை மட்டும் குனிந்து, தோள் குலுங்கக் குலுங்க, அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

அவரையே பேசி முடித்துவிட்டோம்.